மாட்டி வைக்காத கோட்

கழற்றிய கோட்டைப் பிறர் கையில் கொடுக்கமாட்டார் மகேந்திரராஜா. நாலாக மடித்து டூல்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைப்பார். அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டுதான் வாஷிங் மெஷினின் முதுகைத் திறப்பார். "குடுங்க அங்கிள், மாட்டி வைக்கிறேன்" என்று கையை நீட்டினால், "வேண்டாம் பிள்ளை, அது என்னோடயே கிடக்கட்டும்" என்பார். நல்ல கம்பளிக் கோட். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். பார்க்கிற நமக்குத்தான் வயிறு எரியும்.

மெல்பர்னில் டண்டினொங் பக்கத்துத் தமிழ் வீடுகளில் மெஷின் மக்கர் பண்ணினால் கூப்பிடுவது இவரைத்தான். ரஷ்ய வீடுகளிலும் இவர்தான். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர், வயது அறுபத்துமூன்று. எண்பதுகளில் ஸ்காலர்ஷிப்பில் சோவியத் யூனியனுக்குப் போய், வொரோனிஷ் என்ற ஊரில் எஞ்சினியரிங் படித்தவர். துருப்பிடித்த ஸ்க்ரூவை ரஷ்ய மொழியில்தான் திட்டுவார். ஏனென்று கேட்டால், "தமிழில பேசினா அது அசையாது பிள்ளை" என்பார். டீயில் பால் கூடாது. பக்கத்தில் ஒரு கரண்டி ஜாம் வேண்டும். டீயை ஒரு வாய், ஜாமை ஒரு நக்கு. என் மகள் "ஸோ வியர்ட்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள்.

போன மே மாதம் டிவியில் ரஷ்யாவின் உலகப்போர் வெற்றி நாள் ஊர்வலம் ஓடியது. ஆயிரக்கணக்கான பேர் தங்கள் தாத்தாக்களின் படங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். டிரம்முக்குள் தலையை விட்டிருந்தவர் வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சண்டையில வெண்ட தாத்தாமாரைத் தூக்கிக்கொண்டு போகினம். சொந்த அரசாங்கமே சுட்ட தாத்தாமாரை ஆர் தூக்கிறது?" என்றார். கேட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சும்மா இருக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. போன செப்டம்பரில் அவர் வேனுக்கு ஏதோ எடுக்கப் போன நேரம் பார்த்து, அந்தக் கோட்டைத் தரையிலிருந்து எடுத்து உதறி, வாசல் கொக்கியில் மாட்டினேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு! திரும்பி வந்தவர் கொக்கியைப் பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்கவில்லை. தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

"லிதியா பாவ்லொவ்னா எண்டு ஒரு ரீச்சர். எனக்கு ரஷ்யன் படிப்பிச்சவ. ஞாயிற்றுக்கிழமையில வீட்டை கூப்பிட்டு சூப் தருவா. ஒருநாள் தன்ர தகப்பன்ர படம் காட்டினா. ஸ்டாலின் காலத்தில, முப்பத்தெட்டாம் ஆண்டு, பிடிச்சுக்கொண்டு போய்ச் சுட்டுப்போட்டாங்களாம். அநியாயமாக் கொலை செய்தவங்கள், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை எண்டவ."

அடுத்த மாதம் கல்லூரி அலுவலகத்தில் ஒருவர் இவரைக் கூப்பிட்டிருக்கிறார். ரீச்சர் வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று எழுதிக்கொடு என்றிருக்கிறார். இவர் இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தார்.

"ஒரு பிழை இல்லை பிள்ளை. அவ்வளவும் அவ படிப்பிச்ச ரஷ்யன்."

"எதுக்குக் கேக்குறாங்கன்னு உங்களுக்கு அப்ப தெரிஞ்சிருக்காது அங்கிள். ஏதோ கட்டுரைன்னு நினைச்சிருப்பீங்க" என்றேன்.

"மனுசிக்கும் பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கிறன். பொய். அது உளவுக்காரருக்கு எண்டு எனக்குத் தெரியும். எழுதாட்டி ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயம். எண்பத்திமூண்டுக் கலவரம் முடிஞ்சு ஒரு வருசம். அங்க எப்பிடிப் போறது?"

வொரோனிஷில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வாசலில் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நம்பர் வில்லை வாங்க வேண்டும். ஒரு நாள் காலை கல்லூரி வாசலில் இவர் கோட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டவர் லிதியா பாவ்லொவ்னா. வகுப்பிலிருந்து இறக்கி அங்கே நிறுத்திவிட்டார்கள். கோட்டை மாட்டிவிட்டு வில்லையைக் கையில் வைத்தார்.

"ரெண்டு வருசம். அவவைப் பாக்க ஏலாமல், மைனஸ் இருவதிலயும் கோட் இல்லாமல் ஓடிப் போவன்."

கொக்கியிலிருந்து கோட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

மாஸ்கோவில் ஒரு சதுக்கம் இருக்கிறதாம். ஒவ்வோர் அக்டோபர் கடைசியிலும் மக்கள் அங்கே வரிசையில் நின்று, அந்தக் காலத்தில் சுடப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொருவராகப் படிப்பார்களாம். கொஞ்ச வருடமாக அதற்கு அங்கே அனுமதி இல்லை. அதனால் வெளியூர்களில் இருக்கிற ரஷ்யர்கள் படிக்கிறார்கள். மெல்பர்னிலும் ஒரு சின்ன ஹாலில், ஞாயிறு மத்தியானம். ஆறு வருடமாக மகேந்திரராஜா அங்கே போய், வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். போன அக்டோபரில் என்னைக் கூப்பிட்டார். "நீர் பக்கத்தில நிண்டா ஓடமாட்டன்" என்றார். சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. அன்று கல்லூரியில் எழுதிக்கொடுத்ததையும், யாரைப் பற்றி எழுதினார் என்பதையும் ரஷ்ய மொழியில் எழுதியிருந்தார். பெயரைப் படித்துவிட்டு அதையும் எல்லோர் முன்னாலும் படிப்பதாகத் திட்டம்.

ஹால் வாசலில் ஒரு ரஷ்ய மூதாட்டி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் கோட் மாட்டும் ஸ்டாண்ட், மேஜையில் அட்டையில் வெட்டிய நம்பர்கள். அந்த ஊர்ப் பழக்கம் இங்கேயும் விடவில்லை. இவர் நின்றுவிட்டார். போச்சு, திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். மெல்லக் கழற்றிக் கொடுத்தார். பதினேழாம் நம்பர்.

மைக்குக்கு முன்னால் குரல் நடுங்காமல்தான் படித்தார். பாவெல் இவானொவிச் லாப்டியெவ், நாற்பத்தொரு வயது, ரயில்வே தந்தி ஊழியர், சுடப்பட்டது 1938 ஜனவரி. படித்துவிட்டு சட்டைப் பையில் கையை வைத்தார். கூட்டத்தை நடத்திய கலீனா என்ற பெண், "உங்களுக்கு என்ன உறவு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் ஆசிரியையின் அப்பா."

ஹாலே உருகிவிட்டது. எவ்வளவு தூரத்திலிருந்து வந்த மனிதர், ஆசிரியையை மறக்காமல் இருக்கிறாரே! ஒரு கிழவர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். கலீனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகேந்திரராஜாவின் கை பையிலிருந்து வெறுமையாக வெளியே வந்தது. இவ்வளவு அன்புக்கு நடுவில் அப்படிக் கூனிக் குறுகி நின்ற ஒருவரை நான் பார்த்ததில்லை. விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மேஜைக்கு முன்னால் நின்றார். மூதாட்டி நம்பருக்காகக் கையை நீட்டினார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. கோட்டை விட்டுவிட்டு ஓடப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, நீட்டிய கையில் வைத்தார். மூதாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடிப்பைப் பிரித்தார். அவர் படித்து முடிக்கும்வரை மகேந்திரராஜா அசையாமல் அங்கேயே நின்றார்.