தொட்டுப் பார்த்த விரல்

கண்டக்குழிக் கடற்கரை விடுதியின் சாப்பாட்டு மேசையில், முக்காடிட்ட ஒரு பெண் கைபேசிகளை வரிசையாக வைத்திருந்தார். மீனவர்களுக்கான கடல் எச்சரிக்கைச் சேவையை அன்று மாலை வெளியிடுமுன் சோதிக்கிறாராம். கணினி கட்டளையிட்டதும், யாரும் தொடாமலே எல்லாவற்றிலும் எச்சரிக்கைப் பக்கம் திறந்தது. நான் வியந்து நின்றேன்.

அவரோ ஒவ்வொன்றாக எடுத்து, குறுஞ்செய்தியில் இருந்த இணைப்பை விரலால் தொட்டார். ஒன்றில் மட்டும் பக்கம் வரவில்லை. எந்தச் செயலியில் திறப்பது என்று திரை கேட்டது.

“மெஷின் சரியெண்டுதானே காட்டிச்சி, தங்கச்சி?” என்று கேட்டேன்.

“மெஷின் நேரா பக்கத்துக்குப் போகும், நானா. தோணியில நிக்கிறவர் மெசேஜத் தொட்டுத்தான் போகணும். காத்தடிக்கக்குள்ள இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டு நிப்பாரா?” என்று என்னை அண்ணன் முறை வைத்து விளக்கினார்.

மேலதிகாரியை அழைத்து, “இண்டைக்கு விட ஏலாது, சேர்” என்றார். மறுமுனை கத்தியது. அவர் அசையவில்லை.

அந்தக் கோளாறைச் சரிசெய்த பிறகே சேவை வெளியானது; இப்போது என் கைபேசிக்கும் எச்சரிக்கை வருகிறது. ஒரே தொடுதலில் அது திறக்கும்போதெல்லாம் அந்த விரல் நினைவுக்கு வருகிறது.