தம்பி கரையேறிய நாள்

பைக்கில் விழுந்து மண்டையில் அடிபட்டதிலிருந்து, கோபம் வந்தால் என் தம்பிக்குக் கண்மண் தெரியாது. ஒருவரை வெட்டிச் சிறைக்கும் போனான்.

"மூளையில கோவத்துக்குப் பிரேக் போடுற இடம் அடிபட்டிருக்கும்மா. கோவம் வந்தா விலகிப் போகப் பழக்குறோம். நீங்களும் பழக்குங்க" என்றார் சிறை மருத்துவர்.

அவன் விடுதலையான வருடம், திருச்சுழிப் பக்கத்து எங்கள் கண்மாய் வற்றியதும் ஊரே மீன் பிடிக்க இறங்கியது. தம்பி பிடித்த விராலை ஒருவர் பறித்து, "ஏலே, ஜெயில்ல மீன் கொழம்பு ஊத்தலையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தம்பி அவர் பக்கம் திரும்பினான். கரையில் நின்ற நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கப் போனேன். அவன் மீன் கூடையைச் சேற்றிலேயே போட்டுவிட்டுக் கரையேறினான்.

"பயந்து ஓடுறான் பாரு!" என்றார் மீனைப் பறித்தவர்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். "பயமில்லண்ணே! அடிக்காம வர்றதுக்கு அவன் எம்புட்டுப் பாடுபட்டான்னு எனக்குத் தெரியும்" என்று கத்திவிட்டேன்.

அன்று ஊர் முழுக்க மீன் குழம்பு மணந்தது. எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்புதான். அவ்வளவு பெருமையோடு நான் யாருக்கும் சோறு போட்டதில்லை.