சீலில் இல்லாத வரி

அரசாங்கம் எங்கள் வீட்டு விஷயங்களைக் கவனித்து, எங்களுக்கென்று தனியாகப் புத்தி சொல்கிறது என்று ஒன்பது வயதுவரை நான் நம்பியிருந்தேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். இன்றைக்கு என் பிள்ளைகள் கைப்பேசியில் வருவதையெல்லாம் நம்பிவிட்டு எனக்கே பாடம் எடுக்கிறார்கள். அதைவிட இது ஒன்றும் மோசமில்லை.

போன வாரம் சின்ன மகளின் பாடசாலையில் பழைய கடித உறைகளைக் கொண்டுவரச் சொன்னார்களாம். வீடு முழுக்கத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. "முத்திரைக்கு மேல கறுப்பா சீல் அடிச்சிருக்குமே, அதுல முந்தி வாசகமெல்லாம் போடுவாங்களாமே, நெசமாம்மா?" என்று கேட்டாள். நெசந்தான் என்றேன். அதற்கு மேல் அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொந்தப் பிள்ளையிடம் அசடு வழிய யாருக்குத்தான் பிடிக்கும்?

அந்தக் காலத்தில் முத்திரையின் மேல் வட்டமாக ஊர்ப் பெயரும் தேதியும் விழும். பக்கத்திலேயே ஒரு வாசகமும் சேர்ந்து விழும். கொதித்தாறிய நீரைப் பருகுங்கள், மரம் நடுங்கள், இப்படி ஏதாவது. நாட்டில் போகிற வருகிற கடிதங்களுக்கெல்லாம் பொதுவாக அடிக்கிற சங்கதி அது. எனக்கு அது எப்படித் தெரியும்? அக்கா கொழும்புக்குப் போகும்வரை எங்கள் வீட்டுக்குக் கடிதம் என்று ஒன்று வந்ததே கிடையாது.

நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய், இறங்கி, அப்புறம் மூச்சு வாங்க ஏற வேண்டிய இடத்தில் இருந்தது. அக்காவுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது, அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் வந்து, கொழும்பில் பெரிய வீடு, லேசான வேலை, எல்லாவற்றுக்கும் மிஷின் இருக்கிறது என்று சொல்லி அவளைக் கூட்டிப் போனார். அவள் போன மறுநாளே அவளுடைய வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. விடிந்ததும் விடியாததுமாகப் பீலிக்குப் போய், மலையிலிருந்து விழுகிற அந்தத் தண்ணீருக்கு வரிசையில் நின்று, குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஏற வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கவ்வாத்து மலைக்குப் போய் மிலாறு பொறுக்க வேண்டும். தேயிலையை வெட்டிப் போட்ட குச்சிகளுக்கு அதுதான் பெயர். அடுப்பில் எரிய எங்களுக்கு வேறு விறகு கிடையாது. மழையில் நனைந்த மிலாறு எரிகிறபோது பார்க்க வேண்டுமே! கண் அவிந்துவிடும். அக்கா மட்டும் மிஷின் வீட்டில் சொகுசாக இருக்கிறாள் என்று எனக்கு அப்படி ஓர் எரிச்சல்.

முதல் கடிதத்தை, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வைத்துக் கணக்கப்பிள்ளை அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு எழுத்து வாசனை இல்லை. அப்பாவுக்குத் தன் பெயரை எழுத மட்டும் வரும். ஆகவே வாசிக்கிற பதவி எனக்கு வந்தது. உறையின் மேல் விலாசம் யாரோ பெரியவர்களின் அழகான கையெழுத்தில் இருந்தது. எதையும் விடாமல் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் வாத்தியாரின் கட்டளை. அதனால் சீலிலிருந்தே தொடங்கினேன்.

"கொதித்தாறிய நீரைப் பருகுங்கள்."

"அதாரு சொல்றது?" என்றாள் அம்மா.

"அரசாங்கம்மா. சீல்ல போட்டிருக்கு."

"நமக்கா?"

"நம்ம பேருக்குத்தானே வந்திருக்கு!"

அப்பாவுக்கு அப்போது விடாத இருமல். அது கொழும்புவரைக்கும் தெரிந்துவிட்டதே என்று நானே அசந்து போனேன். தபால் கந்தோரில் யாரோ ஒரு பெரியவர் கடிதத்தைப் பிரித்துப் பார்த்து, குடும்பத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு வரி அடித்து அனுப்புகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

உள்ளே அக்காவின் கோழிக் கிறுக்கல். நான் நலம், இங்கே குழாயைத் திருகினால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருகிறது, தங்கச்சியை ஒழுங்காகப் படிக்கச் சொல்லவும். அவ்வளவுதான். எனக்கு என்னடி புத்திமதி, நீ குழாயைத் திருகிக்கொண்டு இரு என்று மனதுக்குள் திட்டினேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் குடிக்கிற தண்ணீரெல்லாம் கொதித்தது. கொதிக்க வைக்க இரண்டு மடங்கு மிலாறு வேண்டும். பொறுக்குவது யார்? வாசித்தவள்தான்.

இரண்டாவது கடிதத்தில், இங்கே தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனாலே அடுப்பு பற்றிக்கொள்கிறது, துணி துவைக்க ஒரு மிஷின் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். சீலில் 'சுற்றாடலைச் சுத்தமாக வைத்திருங்கள்' என்று இருந்தது. லயத்துக்கு முன்னால் ஓடுகிற சாக்கடைக் கானை அம்மா எட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முழுக்க அந்தக் கானில் நின்று சேறு வாரினேன். அரசாங்கம் எப்போதும் அம்மா பக்கமே பேசுகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது கடிதம் வந்த நேரம் அடைமழை. காலையில் பீலிப் பாதையில் வழுக்கி விழுந்து, குடம் நசுங்கி, அதற்காக முதுகில் ஒன்று வாங்கியிருந்தேன். உறையைக் கையில் எடுத்தால் சீல் சரியாக விழவில்லை. மை பரவி, அலை அலையாக ஒரு கறுப்புத் தீற்றல்தான் இருந்தது. ஓர் எழுத்தும் தெரியவில்லை.

"சீல்ல என்னா போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. முதுகு வலித்தது, வாய் தானாகத் திறந்தது.

"மூத்த பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருங்கள்" என்றேன், அரசாங்கத்தின் அதே தமிழில்.

"சரி, உள்ள வாசி" என்றாள்.

"இங்கே பிரிஜ் என்று ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே எப்போதும் மார்கழி மாதம்தான். இறைச்சி, பால், பழம், கேக் எல்லாம் நிறைய இருக்கிறது. கெட்டுப்போகாது. அதற்குப் பூட்டு இருக்கிறது. சாவி வீட்டுக்கார நோனாவிடம் இருக்கிறது. நான் தினமும் அதை வெளியே துடைத்து வைப்பேன். பளபளவென்று இருக்கும்."

"திரும்ப வாசி."

வாசித்தேன்.

"அந்தப் பூட்டு இருக்கிற எடத்த மட்டும் வாசி."

வாசித்தேன். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. குளிரில் வைத்தால் சாமான் ஏன் கெடாது என்று அம்மாவுக்கு விளக்கம் வேறு சொல்லத் தொடங்கினேன்.

"வாய மூடுடி" என்றாள். அதட்டலாகக்கூட இல்லை.

அப்பா வேலை முடிந்து வந்ததும் அம்மா, "நாளைக்கு நான் வேலைக்குப் பெரட்டுக்குப் போகல. கொழும்புக்குப் போறேன், புள்ளயக் கூட்டியார" என்றாள்.

"என்னா இது, திடுதிப்புன்னு? அவ அங்க நல்லாத்தானே இருக்கா?"

"போறேன்னா போறேன்."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடேயப்பா, சீலுக்கு இவ்வளவு சக்தியா! இனிமேல் குடமும் அக்காவுக்கு, மிலாறும் அக்காவுக்கு.

அந்தச் சந்தோஷம் விடியும்வரைகூட நிற்கவில்லை. தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட அம்மா, வழி விசாரிக்க அந்த உறையை எடுத்து மடியில் செருகினாள். கொழும்பில் வாசிக்கத் தெரிந்த யாரிடம் நீட்டினாலும், சீலில் ஒன்றுமே இல்லையே அம்மா என்று சொல்லிவிடுவார்களே!

"அம்மா, வெலாசத்த நல்ல தாள்ல எழுதித் தாறேன். அது அழுக்கா இருக்கு."

"வேணாம். இதுல சீல் இருக்கு. சீல் இருந்தாத்தான் நாலு பேரு நம்புவாங்க."

மழையில் குடைபிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். தனியாகக் கொழும்புக்கு அவள் அதற்கு முன்னால் போனதே இல்லை.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கசிப்புக் காய்ச்சிய ஆளைப் பிடிக்க எங்கள் லயத்துக்குப் பொலிஸ் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அரசாங்கத்தின் பெயரில் பொய் சொன்ன பெட்டைக்கு என்ன செய்வார்கள் என்று ஒரு பக்கம் நடுங்கினேன். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. குழாய் இருக்கிறது, மிஷின் இருக்கிறது, பெட்டி நிறையக் கேக் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து அக்காவைப் பிடுங்கி இந்தப் புகைக்குள் கொண்டுவரச் செய்துவிட்டேனே! அவள் வந்து என் கன்னத்தைக் கிழிக்கப் போகிறாள். கோயிலுக்குப் போய், அக்கா வர வேண்டும் என்று ஒரு தடவையும் வரக் கூடாது என்று ஒரு தடவையும் கும்பிட்டேன். மாரியம்மாவே குழம்பிப் போயிருப்பாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் இரண்டு பேரும் ஏறி வந்தார்கள். எதிர்கொள்ள ஓடிய நான் பாதி வழியில் நின்றுவிட்டேன். அக்காவின் பின்னல் இல்லை. தலைமயிரைக் காதுவரைக்கும் வெட்டியிருந்தார்கள். யாருடையதோ ஒரு கவுன் தோளில் தொங்கியது. அவள் என்னை அடிக்கவில்லை. தலையைத் தடவிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா ரொட்டி சுட்டுச் சுட்டுப் போட்டாள். அக்கா தலை நிமிராமல் சாப்பிட்டாள். நான் எதிரே குந்திக்கொண்டு, எப்போது மிஷின் கதை சொல்வாள் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாகப் போட்ட ரொட்டியில் பாதியைப் பிய்த்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கவுனுக்குள் ஒளித்து வைத்தாள். நம் வீட்டில் யாருக்கு ஒளிக்கிறாள்? எனக்கு விளங்கவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டாள். "அடி என் ராசாத்தி" என்று அடித்தொண்டையிலிருந்து ஓர் அழுகை வந்தது. யாரும் அடிக்கவில்லை, யாரும் சாகவில்லை, போன பிள்ளை திரும்பி வந்திருக்கிறது, அதற்கு ஏன் இப்படி அழ வேண்டும்?

பேச்சை மாற்றலாம் என்று, "அக்கா, அந்தப் பெட்டிக்குள்ள கைய விட்டுப் பாத்தியா? ரொம்பக் குளிருமா?" என்று கேட்டேன்.

"ஏய்!" என்றார் அப்பா. என்னை அதட்டியே அறியாத மனுஷன் அவர்.

தப்பு முழுக்க என்னுடையது என்று அப்போது எனக்கு உறுதியாகிவிட்டது. நாலு நாள் தாக்குப்பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா பீலிக்குப் போன நேரம் பார்த்து அம்மாவிடம் போனேன். அடி விழுந்தால் ஓடுவதற்கு வசதியாக வாசல் பக்கமாகவே நின்றுகொண்டேன்.

"அம்மா, சீல்ல அப்பிடி ஒண்ணும் போடல. மை கலைஞ்சு போயிருந்துச்சு. நாந்தான் பொய் சொன்னேன்."

"எந்தச் சீலு?" என்றாள் அம்மா. அவளுக்கு ஞாபகமே இல்லை.

"மூத்த புள்ளய வீட்லயே வச்சிருக்கச் சொல்லி... அதனாலதானே அக்காவக் கூட்டியாந்தீங்க?"

அம்மா கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு கடுதாசி போட்டா. தண்ணி வருதுன்னு எழுதினா, நெருப்பு வருதுன்னு எழுதினா, மிஷினு தொவைக்குதுன்னு எழுதினா. ஒண்ணுலயாச்சும் சாப்பிட்டேன்னு எழுதினாளாடி?"

மூன்று கடிதங்களும் எனக்கு மனப்பாடம். மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். எழுதவில்லைதான். ஆனால் அம்மா ஏன் இப்படிப் பேசுகிறாள் என்று எனக்குக் கோபமே வந்தது. வாசிக்கத் தெரியாதவளுக்கு எல்லாவற்றையும் நான் அல்லவா எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது!

"பெட்டி நெறைய எறைச்சியும் கேக்கும் இருக்குன்னு தெளிவா எழுதியிருந்தாளேம்மா" என்றேன்.