சுந்தரராமனின் துணிச்சல்

ஜோகுபாளையத்தில் அந்தக் குடியிருப்பில் ஆறு வீடுகள். கார் நிறுத்தும் இடம் ஒன்றே ஒன்று. மற்றவர்கள் தெருவில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். முன்பெல்லாம் வருடா வருடம் பெயர் எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். ஒருமுறை ஒரே பெயர் இரண்டு துண்டுகளில் வந்துவிட்டது. வாய்ச்சண்டை முற்றிய பிறகு, சங்கச் செயலாளர் கிளெமென்ட், போக்கர் சீட்டு ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார். காசு கிடையாது, புளியங்கொட்டைதான். மாலைக் காபி வரும்போது யாரிடம் கொட்டை அதிகமோ அவருக்கு இடம். நடுவில் எழுந்து போனால் ஆட்டம் அம்பேல்.

ஸ்ரீரஞ்சனிக்கு இந்த வருடம் அந்த இடம் வேண்டும். கணவர் நாணுவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. கார் நிற்கும் தெருவிலிருந்து வீடு வரைக்கும் நடைபாதைக் கல் பாதி இல்லை. அவள் ஆடிட்டர், அடுத்தவர் முகத்தைப் படித்தே பேர் வாங்கியவள். அந்தப் பெருமையும் அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

மற்றவர்கள் தோற்று வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட, கடைசியில் எதிரே மிஞ்சியவர் சுந்தரராமன். அரசாங்க இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். பாதிப் படியிறங்கியவர் மேலேறி வந்து மறுபடி இழுப்பார். டிராஃபிக்குக்குப் பயந்து காரை வெளியே எடுப்பதே அபூர்வம். சீட்டாட்டத்தில் அவர் தானாகப் பந்தயத்தை உயர்த்தி யாரும் பார்த்ததில்லை.

ஸ்ரீரஞ்சனியின் கையில் இரண்டு ராஜா. மேஜையில் விரித்த ஐந்து சீட்டில் ஒரு ராஜா, இரண்டு ஒன்பது, மற்ற இரண்டும் ஜோடி சேராத சின்னச் சீட்டு. மூன்று ராஜாவும் இரண்டு ஒன்பதுமாக அவளுக்கு ஃபுல் ஹவுஸ். பாக்கி இரண்டு ஒன்பதும் ஒரே கையில் இருந்தால் மட்டுமே இதை அடிக்க முடியும். அவள் ஒரு குத்து கொட்டையைத் தள்ளினாள்.

சுந்தரராமன் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நடுவே தள்ளினார்.

அவர் நெற்றி வேர்த்திருந்தது. பார்வை வாசல் கதவிலேயே இருந்தது.

‘சந்தேகமே இல்லை, நாலு ஒன்பது’ என்று ஸ்ரீரஞ்சனி முடிவு கட்டினாள். இந்த மனுஷனாவது, சும்மா மிரட்டுவதாவது! இப்போது விட்டால் கொஞ்சம் கொட்டை மிஞ்சும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"என்ன மேடம், ஆடுறீங்களா?" என்றார் கிளெமென்ட்.

"இல்ல, விட்டுட்டேன்."

சுந்தரராமனின் முகம் அழுவதுபோல் ஆகிவிட்டது. "ஐயோ மேடம், ஏன் விட்டீங்க? தோத்துட்டா எழுந்து போயிடலாம்னுதானே எல்லாத்தையும் வெச்சேன்! கிளெமென்ட், வீட்ல கேஸ் ஆஃப் பண்ணேனா இல்லையான்னு ஞாபகமே இல்லப்பா. அப்போலேர்ந்து ஒரே பேஜாரு. நடுவுல எழுந்தா தப்பாச்சேன்னு..."

"கேஸ்னா ரூல் எல்லாம் இல்ல சார், ஓடுங்க!" என்றார் மேல்மாடியில் குடியிருக்கும் கிளெமென்ட்.

சுந்தரராமன் எழுந்த வேகத்தில் சீட்டு இரண்டும் மல்லாந்தன. ஒரு இரண்டு, ஒரு ஏழு. ஸ்ரீரஞ்சனி தன் இரண்டு ராஜாவையும் யார் கண்ணிலும் படாமல் கட்டுக்குள் செருகினாள்.

திரும்பி வந்தவர், "ஆஃப்லதான் இருந்தது" என்று நிம்மதியாக உட்கார்ந்தார். அப்புறம் பழைய சுந்தரராமன்தான். கொட்டைக் குவியலை முழங்கையால் அணைத்துக்கொண்டு, வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்தார். காபி வந்தது.

அடுத்த வாரம் பிசியோதெரபிக்குப் போய்விட்டு வரும்போது நாணு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெரு முழுக்க நடந்தார். கேட்டுக்குள் சுந்தரராமனின் கார் உறை போர்த்தி நின்றது. உறைமேல் இலை விழுந்து கிடந்தது.

நாணு நின்று மூச்சு வாங்கினார். "அன்னிக்குக் கடைசியா உன் கையில என்னதான் இருந்தது?"

"ஒண்ணும் இல்லை" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"அப்ப விட்டதுதான் சரி. அவர் என்ன, லேசுல ரிஸ்க் எடுக்கற ஆளா?" என்று சொல்லிவிட்டு, அவள் தோளைப் பிடித்தபடி அடுத்த கல்லைத் தேடிக் கால் வைத்தார்.