ஜெஸ்ஸிக்கு ஏற்றிய குளுக்கோஸ்

புதுப்பட்டினத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர், ரூத் தாவரவியல் டீச்சர். சுவாசித்தல் பாடத்தை அவள் நடத்தினால் கடைசி பெஞ்சுகூடத் தூங்காது. செல்லுக்குள் போன குளுக்கோஸ் முதலில் உடைந்து பைருவிக் அமிலமாகிறது. அதில் கிடைக்கும் சக்தி சொற்பம். அந்த அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் ஆக்ஸிஜனோடு முழுக்கச் சிதைந்தால்தான் நடக்க, பேச, மூச்சுவிடத் தெம்பு. உள்ளே போக வழியில்லாவிட்டால் லாக்டிக் அமிலமாகித் தேங்கிவிடும். இவ்வளவையும் ஒரே சாக்பீஸில் முடித்துவிடுவாள்.

தொண்ணூற்றொன்பதில் அவள் மகள் ஜெஸ்ஸிக்கு நாலு வயசு. பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடும். நம் பக்கத்தில் சோர்வு என்றால் குளுக்கோஸ்தானே. தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். தேறாதபோது மார்க்கெட் பக்கம் இருந்த கிளினிக்குக்குத் தூக்கிப்போய், டாக்டர் வேண்டாமென்றும் விடாமல், பாட்டில் ஏற்றச் சொன்னாள். மறுநாள் குழந்தை இன்னும் துவண்டு, வேகவேகமாக மூச்சு வாங்கியது. ஒரு பாட்டில் போதவில்லை என்று முடிவு கட்டினோம். நானும்தான் அப்படிச் சொன்னேன். என்னை எதால் அடிப்பது?

இரண்டு வருஷம் இப்படியே போனது. பிறகு சென்னையில் ஒரு பெரிய டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னார். பைருவிக் அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பயன்பட வைக்கும் நொதி இந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே சரியில்லை. குளுக்கோஸ் கூடக்கூட லாக்டிக் அமிலம்தான் கூடும். குணப்படுத்த மருந்து கிடையாது. கல்பாக்கத்தில் ஃபிட்டராக இருந்த ரூத்தின் கணவர் ஜெபகுமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் மனைவியிடம் கேட்டிருக்கிறார்.

"தெம்பு வரட்டும்னு நான் கொழந்த ஒடம்புல அமிலத்த ஏத்திகினு இருந்திருக்கேன்," என்றாளாம் ரூத்.

இதை என்னிடம் சொல்லும்போது அந்த மனுஷன் அழுதார். அவள் வேறு ஏதாவது பாடம் படித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சோறு நின்றது. முட்டை, நெய், தேங்காயெண்ணெயில் பொரித்த மீன். இவற்றிலிருந்து சக்தி எடுக்க உடம்புக்கு வேறு வழி உண்டு. ஜெஸ்ஸி கொஞ்சம் தேறி, தெருமுனைவரை நடந்தாள். ஒரு வாய் சோறு கொடு என்று அவள் கேட்கும்போதெல்லாம் ரூத் எழுந்து வெளியே போய்விடுவாள். பாவம், அதுவும் ஒன்றரை வருஷம்தான்.

இரண்டாயிரத்து மூன்றில் கடும் காய்ச்சல். சென்னைவரை தாங்காது என்று செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எதைக் கொடுத்தாலும் வாந்தி. நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலோடு வந்தாள். ரூத் மறித்து, நோயைச் சொல்லி, கொழுப்பு மருந்து ஏற்றச் சொல்லிக் கேட்டாள். அது அங்கே இல்லை. டாக்டர் சென்னைக்கு ஆள் அனுப்பினார்.

நர்ஸ் நல்ல பெண். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

"வெறும் உப்புத்தண்ணி ஏத்துனா தெம்பு வராது டீச்சர். பட்டினி கெடந்தாலும் தாங்காது. இன்னா குடுக்கறது, நீங்களே சொல்லுங்க."

ரூத் குழந்தையின் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"தெரியலம்மா," என்றாள்.

சென்னைக்குப் போனவர் மறுநாள் மத்தியானம் மருந்தோடு வந்து சேர்ந்தார். காலையிலேயே ஜெஸ்ஸி போய்விட்டாள்.