ஆனியில் பேசி ஆவணியில் வாங்கிய வீடு

வெற்றிலை பாக்கு மாற்றி முடித்திருந்த ஒரு வீட்டை, மேலே இரண்டாயிரம் வைத்து நாங்கள் தட்டிக்கொண்டு வந்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயாலோ கேட்டு, "அடடே, இந்த அம்மாவா அப்படி!" என்று நீங்கள் வாயைப் பிளப்பதற்கு, நானே சொல்லிவிடுவது மேல்.

எழுபதுகளின் கடைசி அது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தோம். எனக்கு அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. கணவருக்கு நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கள் விடியும்போது பஸ் ஏறிவிடுவார். கீழே மூட்டை பிரித்தால் மேலே எங்களுக்குக் கண் எரியும். எங்களுக்குக் கண்ணோடு போயிற்று. ஐந்து வயது மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. அவள் நெஞ்சுக்கூடு உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, "மருந்தெல்லாம் சும்மாங்கம்மா. பனிக்காலம் வாரதுக்குள்ள ஊட்ட மாத்துங்க" என்றார்.

வாடகைக்கு வேறு இடம் பார்க்காமலா இருந்தோம்? அவளுக்கு இழுக்கும் சத்தத்தைக் கேட்டு ஏதோ ஒட்டுநோய் என்று பயந்து இரண்டு வீட்டுக்காரர்கள் இடம் இல்லை என்றுவிட்டார்கள். சொந்த வீடாக இருந்தால்தான் என் பிள்ளை பயமில்லாமல் இருமலாம் என்று எனக்குப் பட்டுவிட்டது.

அஸ்தம்பட்டியில் அந்த வீட்டைக் காட்டியவர் ஒரு புரோக்கர். இரண்டு அறை, ஓடு வேய்ந்தது, பின்னால் கிணறு, கிணற்றைச் சுற்றி வெயில் விழும் காலி இடம். ஏற்காடு ரோட்டிலிருந்து காற்று நேராக வந்து அடித்தது. மகள் ஓடிப்போய்க் கிணற்றுத் திட்டைத் தொட்டுவிட்டு வந்தாள். ஓடிவந்தும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. அதோடு நான் விழுந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் புரோக்கர் குடையைத் தரையில் தட்டிக்கொண்டே, "ஒரே ஒரு சங்கட்டமுங்க அம்மிணி. போன வாரந்தான் ஒரு லாரி டிரைவருக்கு வெத்தலை பாக்கு மாத்தியாச்சு" என்றார்.

"அப்பறம் எதுக்குங்க எனக்குக் காட்டுனீங்க?"

"நீங்க ரெண்டாயிரம் சேத்து வெச்சா பெரியவரு யோசிப்பாருங்க."

பெரியவர் என்றது வீட்டுக்காரரை. கோயமுத்தூரில் மகனோடு போய் இருக்கப்போகிறவர். எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. தட்டை மாற்றிய பிறகு சொல்லை மாற்றினால் அந்த வீட்டில் நாலு பேர் கை நனைக்க மாட்டார்கள். இதெல்லாம் தெரிந்துதான் நான் தலையாட்டினேன். அந்த டிரைவருக்கும் குழந்தைகள் இருக்குமே என்று தோன்றாமல் இல்லை. தோன்றியதை உதறிவிட்டு நடந்தேன்.

பெரியவரும் யோசித்தார், ரொம்ப நேரம் இல்லை. "வாக்கு மாறக் கூடாதுதான். பையன் கடை வெக்கறான், என்ன பண்றதுங்க?" என்று எங்களோடும் வெற்றிலை பாக்கு மாற்றி அட்வான்சை வாங்கிக்கொண்டார். நான் ஸ்டாம்ப் பேப்பரை நீட்டி, "ஒரு அக்ரிமெண்ட் போட்டுக்கலாமுங்க" என்றதுதான் தாமதம், அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"ஏனம்மிணி, வெத்தலை பாக்கு மாத்துனதுக்கு மேல பேப்பர் எதுக்கு? என்ற பேச்சு மேல நம்பிக்கை இல்லியா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைசிவரை அவர் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த நாலு நாளில் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது பத்திரம் பதிவார்களா? ஆவணி முதல் முகூர்த்தத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். ஒரு மாதம் முழுக்க அந்த வீடு யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். நான் இரண்டாயிரம் வைத்துத் தட்டியதை இன்னொருத்தி மூவாயிரம் வைத்துத் தட்ட எவ்வளவு நேரமாகும்?

அந்த ஆடி முழுக்க நான் மனுஷியாக இல்லை. ஆபீஸ் விட்டதும் டவுன் பஸ் ஏறி அஸ்தம்பட்டிக்குப் போய் அந்த வீதியில் ஒரு நடை நடந்துவிட்டுத்தான் திரும்புவேன். வாசலில் புதுச் செருப்பு கிடந்தால், செருப்புக்காரர் வெளியே வரும்வரை எதிர்ச் சுவரோரம் நிற்பேன். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். எதிரே போய் முறைத்தேன். மின்சார ஆபீஸ்காரராம், ரீடிங் எடுக்க வந்தவராம். புரோக்கர் ஒருநாள் என்னைக் கண்டதும் டீக்கடைக்குள் நுழைந்துகொண்டார். போச்சு, வேற பார்ட்டி பிடித்துவிட்டான் பாவி என்று அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. பக்கத்து சீட்டு டைப்பிஸ்ட்டிடம்கூட வீட்டு விலாசத்தைச் சொல்லவில்லை. ஒருநாள் அவள், "அஸ்தம்பட்டி பக்கம் உங்களப் பாத்தனே" என்றதும், "நான் எதுக்கு அங்க போறேன்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

கணவர் சனிக்கிழமை வந்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம்? நம்ம மடியில இருக்குது, அதான் உனக்குப் பார்க்கிறவனெல்லாம் திருடனாத் தெரியறான்" என்றார். பேசாமல் படுங்கள் என்று எரிந்து விழுந்தேன்.

ஆடி பாதி தாண்டியிருக்கும். ஒரு சாயங்காலம் கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு பின்பக்கம் போனேன். பெரியவர் முன்னறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வடகிழக்கு மூலையில், சுவரோரமாக, ஒரு தட்டைக்கல் கிடந்தது. கல்மேல் மஞ்சளும் குங்குமமும். கல்லைப் புரட்டினால் கீழே ஒரு கை மண், குவித்து வைத்திருந்தது. அந்த வீட்டு மண் சாம்பல் நிறம். இதுவோ செக்கச் சிவப்பு.

செய்வினை! வீடு கை நழுவிய ஆத்திரத்தில் அந்த டிரைவர் சுவரேறிக் குதித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வேறு யார்? சுடுகாட்டு மண்ணாகத்தான் இருக்கும். இந்த வீட்டில் நாளைக்கு விளையாடப்போவது என் பிள்ளை அல்லவா?

பெரியவரிடம் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். செய்வினை என்ற பேச்சு எழுந்தால் அவர் பயந்துபோய் வீட்டையே எனக்கு இல்லை என்றுவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். இடது கையால் அந்த மண்ணைச் செய்தித்தாளில் வழித்தேன். ஒரு துணுக்குகூட விடாமல் நகத்தால் சுரண்டி எடுத்தேன். கல்லைச் சுவருக்கு வெளியே வீசினேன். டவுன் பஸ்ஸில் மடியில் வைக்கப் பயந்து, பொட்டலத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தபடியே வந்தேன். திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் இறங்கி, அந்தச் சாக்கடைத் தண்ணீரில் அதை வீசி எறிந்து, தூ தூ தூ என்று மூன்று தடவை துப்பினேன். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

ஆவணியில் பத்திரம் முடிந்தது. பால் காய்ச்சிக் குடிவந்தோம். வந்த மூன்றாம் நாள் காலை. கணவர் நாமக்கல் போய்விட்டார். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர், கையில் பித்தளைச் சொம்பு, தோளில் துண்டு. லாரி டிரைவர் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நிலைப்படியில் குறுக்கே நின்றேன். சண்டைக்கு வந்தால் தெருவையே கூட்டிவிடுவது என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"பயந்துக்காதீங்க அம்மிணி, சண்டைக்கு வரலீங்க" என்றார். "ஊடு போனது போயாச்சு. என்ற சாமி உள்ள இருக்குதுங்க. அதை மட்டும் எடுத்துட்டுப் போயிறனுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வெத்தலை பாக்கு மாத்துன அன்னைக்கே எங்க கொலசாமி கோயல்ல பிடிமண் எடுத்தாந்து, ஈசானிய மூலையில வெச்சுக் கும்பிட்டமுங்க. பெரியவருகிட்டச் சொல்லிட்டுத்தான் வெச்சது. மக்யா நாளு விடிஞ்சதுமே எனக்கு டில்லி லோடு. அங்கிருந்து கல்கத்தா லோடு. முந்தாநேத்துத்தான் ஊரு வந்து சேந்தனுங்க. புரோக்கரு அப்பத்தான் சொன்னாரு." சொம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "பத்தரம் முடியறதுக்கு முன்னால சாமியக் கூட்டியாந்தது என்ற தப்புதானுங்க. வெத்தலை மாத்துனாலே ஊடு நம்மளுதுன்னு நெனச்சுப்போட்டன்."

நான் செய்வினைக்காரனாக்கி வைத்திருந்த மனிதன் அந்த ஆடி முழுக்க ஊரிலேயே இல்லை. வீடு போனதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கதவைத் திறந்து வழி விட்டேன்.

அந்த மூலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு கல்லு இருந்துச்சுங்களே?" என்றார்.

"நாங்க வாரப்பவே ஒண்ணும் இல்லீங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதைத் திருப்பி எடுக்க ஒரு நிமிஷம் இருந்தது. அந்த நிமிஷத்தில் நான் கிணற்று ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்டி போட்டார். விரலால் கிளறிப் பார்த்தார். சிவப்பு எங்கேயும் தெரியவில்லை. நான் அவ்வளவு சுத்தமாகத்தான் சுரண்டியிருந்தேன்.

"ஆடி மழைக்குக் கரஞ்சிருக்குமுங்க" என்று அவரே எனக்காக ஒரு பதில் சொன்னார். "கரஞ்சாலும் இங்கதான இருக்கும்? எங்க போயிரும்?"

அந்தச் சாம்பல் மண்ணில் மூன்று கைப்பிடி அள்ளிச் சொம்பில் போட்டு, மஞ்சள் துணியால் வாயைக் கட்டினார். இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என் பின்னாலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "நல்லா இரு சாமி" என்று அவளிடம் சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறாமல் ஒரு கையால் தள்ளிக்கொண்டே நடந்து போனார்.

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. கணவரிடம்கூட அந்த மண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தப் பனிக்காலத்தில் மகளுக்கு இழுப்பு வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. எண்பதுகளில் அவள் அந்தக் கிணற்றைச் சுற்றி ஓடியே வளர்ந்தாள்.

மாசச் சாமான் வாங்க நான் செவ்வாய்ப்பேட்டைக்குத்தான் போவேன். டவுன் பஸ் திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடுவேன். பக்கத்தில் இருப்பவர்களும் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இங்க என்ன கோயலுங்க?" என்று கேட்பார்கள். அவர் சாமியின் பெயரை நான் அன்றைக்குக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.