அபின் எழுதிய நிற்காத நிரல்

திருவட்டாறு அபினிடம் யாராவது வாய் கொடுத்தால் அன்றைய பொழுது போச்சு. நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் வேலை. தன்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் மூளை கிடையாது என்பது அவன் முடிவு. பத்து வருடக் கூட்டுக்காரன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

போன மாதம் அவனுக்கும் கருங்கல் ஜெப்சிக்கும் நிச்சயம் நடந்து, மோதிரமும் மாற்றியாயிற்று. எங்கள் பக்கத்தில் வீடேறிப் போய் அழைக்காவிட்டால் சொந்தக்காரன் கல்யாணத்துக்கு வரமாட்டான். அபினுக்கு அது பட்டிக்காட்டுத்தனம். ஐந்நூறு பேருக்கும் வரிசையாகக் குறுஞ்செய்தி அனுப்ப ஒரு நிரல் எழுதிவிட்டான்.

"இடையில நிறுத்தணும்னா?" என்று கேட்டேன்.

"நிக்காது மக்கா. கண்ட்ரோலும் சி-யும் அமுக்கினாலும் அத ஒரு தடங்கலா நெனச்சு தள்ளிட்டு ஓடும். அப்படியாக்கும் எழுதிருக்கேன்."

உருப்படியாக எழுதுகிறவன், நிறுத்தச் சொல்லும் அந்த இரண்டு விசையும் அமுங்கியதும் யார் யாருக்குப் போனது என்று குறித்து வைத்துவிட்டு நிரல் நிற்கும்படி செய்வான். இவனோ கணக்கையெல்லாம் கடைசியில் மொத்தமாகக் குறிக்கச் சொல்லியிருந்தான்.

ஓடவிட்டான். இரண்டு நிமிடத்தில் முகம் வெளுத்தது. அழைப்பில் மணமகள் பெயர் பிளஸ்ஸி என்று இருந்தது. போன வருடம் பேசி முறிந்த பெண். அன்றைக்குத் தட்டிவைத்த அழைப்பில் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறான் மகா மேதை.

விசைகளை அமுக்கினான். 'தடங்கல் நீங்கியது, தொடர்கிறேன்' என்றது திரை. எட்டுத் தடவை அமுக்கினான். எட்டுத் தடவையும் அதே மரியாதையான பதில். கடைசியில் நான்தான் லேப்டாப்பையே அணைத்தேன். செய்தி யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்பதும் அதோடு போயிற்று. பட்டியலில் முதலில் இருந்தது பெண்வீட்டார் என்பது மட்டும் தெரியும்.

பைக்கை எடுத்துக்கொண்டு கருங்கலுக்குப் பறந்தோம். ஜெப்சி போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா.

"பேரு மாறினது போட்டும். தப்பு எல்லாருக்கும் வரும்," என்றாள். "நிறுத்த வழியில்லாம எதுக்கு எழுதினிய?"

மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அபின் விளக்க ஆரம்பித்தான். தடங்கல்களில் எத்தனை வகை, தன் நிரல் ஏன் எல்லோருடையதையும்விட உறுதி என்று.

"போதும், நிறுத்துங்க."

"முழுசா கேளு ஜெப்சி..."

"நிறுத்துங்கண்ணு சொன்னேன்."

"ஒரு நிமிசம், இத சொல்லி முடிச்சிருதேன்."

அவன் தொடையைக் கிள்ளினேன். கையைத் தட்டிவிட்டான். எனக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது. ஜெப்சி மோதிரத்தைக் கழற்றிப் போன் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அபின் அவள் அப்பா பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.